அங்கி யாருக்கு? பல்கலைக்கழகச் சின்னங்களும் மரபுகளும்

பட்டமளிப்பு விழாக் காலம் வந்தால் கறுப்பு அங்கியைப் பற்றிய வழக்கும் கூடவே வந்துவிடுகிறது. 2010 ஏப்ரலில் போபாலில், இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் விழா மேடையில், அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தாம் அணிந்திருந்த அங்கியைக் கழற்றிவிட்டு, அது காலனியாட்சியின் காட்டுமிராண்டித்தனமான மிச்சம் என்றார். 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு, விழா உடைகளுக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்துமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம், தன் கீழுள்ள மருத்துவக் கல்வி நிறுவனங்கள் கறுப்பு அங்கியையும் தொப்பியையும் கைவிட்டு, அந்தந்த மாநில மரபுக்கேற்ற உடையை வடிவமைக்க வேண்டும் என்றது. மூன்றுமே துணியைப் பற்றிய பேச்சு. துணி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் இலச்சினை, குறிக்கோள் வாசகம், பாட்டு, உடை, கட்டடம், விழா எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று எழுகிறது. இவை யாரை உள்ளே அழைத்தன, யாரை வாசலிலேயே நிறுத்தின? ஒரு பல்கலைக்கழக மரபை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை அது பிறந்த ஊரைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது, இந்தக் கேள்விக்கு அது தரும் பதிலைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் இலச்சினை. அது ஐரோப்பா நமக்குத் தந்த வழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். நாளந்தா அகழாய்வில் கிடைத்த களிமண் முத்திரைகள் வேறு கதை சொல்கின்றன. நடுவில் அறவாழி, இருபுறமும் அதை நோக்கி அமர்ந்த இரண்டு மான்கள், கீழே நாளந்தா மகாவிகாரையின் துறவியர் சங்கத்துக்கு உரியது என்னும் வாசகம். புத்தர் முதல் அறவுரை நிகழ்த்திய சாரநாத்தின் மான்காவை அந்த உருவம் சுட்டுகிறது. மன்னர்கள் ஊர்களைத் தானம் கொடுத்து வளர்த்த இடம் நாளந்தா. ஆயினும் இந்த முத்திரை சங்கத்தின் பெயரில் இருக்கிறது, எந்த மன்னனின் பெயரிலும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் அங்கே தங்கிப் படித்த சீனத் துறவி சுவான்சாங், வாயிலில் கேட்கப்பட்ட கடினமான கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாமல் திரும்பிப் போனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வாசலில் நிறுத்துவதும் பழைய மரபுதான். அங்கே அளவுகோலாகச் சொல்லப்பட்டது அறிவு.

ஐரோப்பிய அங்கியின் தொடக்கம் எளிமையானது. போலோஞா, பாரிஸ், ஆக்ஸ்போர்டு ஆகிய இடங்களில் பல்கலைக்கழகங்கள் உருவான நாள்களில் படித்தவர்கள் பெரும்பாலும் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லது அதன் பாதுகாப்பில் இருந்தவர்கள். அவர்களது அன்றாட உடை நீண்ட அங்கி. கணப்பு இல்லாத கல் கட்டடங்களில் குளிருக்கு அது தேவையாகவும் இருந்தது. இன்று பட்டதாரியின் முதுகில் வண்ணத் துணியாகத் தொங்கும் ஹூட், அன்று உண்மையாகவே தலையை மூடிய முக்காடு. ஊர்மக்களின் உடை காலத்தோடு மாறியது, பல்கலைக்கழகத்தார் உடை மாறவில்லை. அப்படித்தான் அன்றாட உடை விழா உடையானது.

பிறகு அந்த உடையைச் சுற்றி வேலி எழுந்தது. ஆக்ஸ்போர்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்திட்டால்தான் மாணவராகச் சேர முடியும். 1871இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகே ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டர்ஹாம் மூன்றிலும் மதச் சோதனை பெருமளவுக்கு நீங்கியது. பெண்களின் நிலை இன்னும் கொடியது. கேம்பிரிட்ஜில் பெண்கள் வகுப்புக்குப் போனார்கள், தேர்வு எழுதினார்கள், ஆண்களை விஞ்சியும் தேறினார்கள். பட்டமும் அங்கியும் மட்டும் இல்லை. 1897இல் அவர்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, ஆண் மாணவர்கள் மிதிவண்டியில் அமர்ந்த ஒரு பெண்ணின் உருவபொம்மையைச் செனட் மண்டபத்துக்கு எதிரே கட்டித் தொங்கவிட்டார்கள். தீர்மானம் தோற்றது. ஆக்ஸ்போர்டு 1920இல் பெண்களுக்குப் பட்டம் அளித்தது. கேம்பிரிட்ஜ் 1948இல்தான் அளித்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த அங்கிக்குக் காத்திருந்த பெண்களிடம் போய், அது வெறும் பழங்காலத் துணி, அதற்கு ஏன் இவ்வளவு ஆசை என்று யாரும் கேட்க முடியுமா?

வேலி விழுந்த பிறகு அதே உடை வேறு பொருள் கொள்கிறது. ஆக்ஸ்போர்டில் தேர்வெழுதப் போகும்போது இன்றும் மாணவர்கள் கருநிற உடையும் அங்கியும் அணிகிறார்கள். முதல் தேர்வுக்கு வெள்ளைக் கார்னேஷன் பூ, இடையில் இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு. இந்த உடைக் கட்டாயத்தை நீக்கலாமா என்று 2015இல் மாணவர்களிடமே வாக்கெடுப்பு நடந்தபோது, வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அது நீடிக்க வேண்டும் என்றார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் அன்று ஒரே உடையில் உட்காருகிறார்கள் என்பது அவர்களில் பலர் சொன்ன காரணம். இது முழுவதும் உண்மையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் மேலிடத்து உத்தரவில் முடிவு செய்யாமல், அணிகிறவர்களையே கேட்டார்கள் அல்லவா, அது நாம் கற்க வேண்டியது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் முனைவர்களுக்கு உயரத் தொப்பியோடு வாளும் அளிப்பார்கள். உண்மைக்காகப் போராட வேண்டியவர் என்பது அதன் பொருள். நெதர்லாந்தின் லெய்டனில் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் சிற்றறைக்கு வேர்வை அறை என்று பெயர். தேறியவர்கள் அதன் சுவரில் கையெழுத்திடுவார்கள். சுவர் முழுக்கப் பெயர்கள். போர்ச்சுகலின் கொய்ம்பிராவில் மாணவர்கள் கறுப்பு மேலங்கி அணிகிறார்கள், ஆண்டிறுதியில் தங்கள் பீடத்து நிற நாடாக்களை எரித்துக் கொண்டாடுகிறார்கள்.

இனி நம் ஊர். 1839 நவம்பரில், எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் சென்னை ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் கொடுத்தார். உயர்கல்வி வேண்டும் என்பது கோரிக்கை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று சட்டப்படி உருவானது. அதே ஆண்டில் முன்னதாகக் கல்கத்தாவும் பம்பாயும். மூன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. பாடம் நடத்தாமல் தேர்வு நடத்திப் பட்டம் தருபவை. ஒரு மனுவில் எழுபதாயிரம் பேர் சேர்ந்து கேட்டுப் பெற்ற பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த இலச்சினையோ இங்கிலாந்தின் கேடயக்கலை விதிப்படி அமைந்தது. பச்சை மேட்டில் நடக்கும் ஒரு புலி, மேலே கறுப்புப் பட்டையில் இரு யானைத் தலைகள், அவற்றுக்கு நடுவே பொன்னிறப் பின்னணியில் தாமரை. கீழே இலத்தீன் வாசகம். விலங்கும் பூவும் இந்தியாவுக்கு உரியவை, இலக்கணம் இங்கிலாந்துக்கு உரியது.

அந்த வாசகம் உரோமக் கவி ஹொரேசின் பாடல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. இயல்பாக உள்ள ஆற்றலைக் கல்வி வளர்த்தெடுக்கிறது என்பது கருத்து. அகஸ்டஸ் பேரரசரின் வளர்ப்பு மகன் துரூசுவின் போர் வெற்றியைப் புகழும் பாடல் அது. வீரம் குலவழி வருவது என்று சொல்லிவிட்டு, அதுமட்டும் போதாது, கல்வியும் வேண்டும் என்று தொடர்கிறது. குலத்தைக் கொண்டு ஆளை எடைபோட்ட ஒரு சமூகத்தில், கல்விக்கூடத்தின் கதவில் இந்தக் கருத்து எழுதப்பட்டதை நான் அற்பமாக நினைக்கவில்லை. வருத்தம் எல்லாம் இதுதான்: அங்கே பட்டம் பெற்ற எத்தனை பேருக்கு அந்த வாசகத்தின் பொருளை யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள்? சான்றிதழின் உச்சியில் புலி நடக்கிறது. அது ஏன் நடக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

பட்டம் என்பதன் பொருளைச் சொல்ல இலத்தீன் தேவையும் இல்லை. 1858இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறியவர்கள் இருவர்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். ஆங்கில ஆட்சி தந்த அந்தப் பட்டத்தைப் பெற்ற தாமோதரம்பிள்ளை பின்னாளில் செய்தது என்ன? செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று அச்சேற்றினார். பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான அவர், தம் மொழியின் முதல் இலக்கணத்தை அழிவிலிருந்து காத்தவர்களில் ஒருவர். வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்காவது இப்படி ஒரு தொடக்கம் வாய்த்திருந்தால், ஆண்டுதோறும் பட்டமளிப்பு மேடையில் அதைச் சொல்லியிருப்பார்கள். நம்மிடம் இப்படி ஒரு மரபு தொடங்கப்படவே இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனட் மண்டபத்தின் நிலையும் அப்படியே. ராபர்ட் சிஷோமின் வடிவமைப்பில் 1874க்கும் 1879க்கும் இடையில் எழுந்த கட்டடம் அது. கடற்கரைச் சாலையில் போகிறவர் எவரும் அதன் கோபுரங்களைக் காணாமல் போக முடியாது. இந்தோ-சாரசெனிக் பாணியின் தேர்ந்த படைப்புகளில் ஒன்று என்று கட்டடக்கலை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். நெடுங்காலம் பாழாகிக் கிடந்து, பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டிச் செப்பனிடப்பட்டது. ஆனால் அதன் வண்ணக் கண்ணாடிகளின் கீழ் நின்றிருக்கும் மாணவர்கள் மிகச் சிலரே. கதவு பூட்டியிருக்கும் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மாணவருக்குச் சின்னம் ஆவதில்லை.

மரபைத் தானே படைக்க முடியும் என்று காட்டிய இடம் சாந்திநிகேதன். ரவீந்திரநாத தாகூர் 1901இல் ஐந்து மாணவர்களோடு தொடங்கிய பள்ளி, 1921 டிசம்பரில் விசுவபாரதி ஆயிற்று. உலகம் முழுதும் ஒரே கூட்டில் கூடும் இடம் என்னும் வேதக் கருத்து அதன் குறிக்கோள் வாசகம். பட்டமளிப்பு மாமரத்தோப்பில் நடக்கும். கறுப்பு அங்கி கிடையாது, தோளில் மேலாடை. பட்டதாரிகளுக்கு ஏழிலைப்பாலைத் தளிர் அளிப்பது மரபு. தாகூரின் தந்தை தேவேந்திரநாத் அந்த வெட்டவெளியில் தங்கித் தியானம் செய்தது ஏழிலைப்பாலை மரத்தடியில்தான். இடத்தின் வரலாறு முழுவதும் அந்த ஒரு தளிரில் வந்துவிடுகிறது. வழிபாட்டுக்கான கண்ணாடி மண்டபத்தில் சிலையோ படமோ இல்லை. மரபாக வார விடுமுறை ஞாயிறு இல்லை, புதன். 1928இல் தொடங்கிய மரநடு விழா, ஸ்ரீநிகேதனில் ஏர்பூட்டு விழா, வசந்தத்தில் வண்ண விழா, மார்கழியில் பௌஷ மேளா. ஏர்பூட்டுவதைப் பல்கலைக்கழக விழாவாக்கியது சாதாரணச் செயல் இல்லை. படித்தவன் மண்ணைத் தொட மாட்டான் என்று இருந்த நாட்டில், கலப்பையைப் பூவால் அலங்கரித்துக் கல்விக்கூடத்தின் நடுவில் நிறுத்தினார் தாகூர். சுற்றியுள்ள சந்தால் ஊர்களின் மக்களும் மேளாவுக்கு வந்தார்கள். என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் சொன்ன இந்தியப் பல்கலைக்கழகம் வேறொன்றை நான் அறியேன்.

சாந்திநிகேதனைப் பார்த்து அதன் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே தளிர் வந்தது, தோப்பிலேயே பாடம் நடந்ததால். நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் பாடம் கேட்டவனுக்கு விழா அன்று மட்டும் இலை கொடுத்தால் அது நாடக ஒப்பனையாகத்தான் முடியும். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு அங்கவஸ்திரம் போர்த்துவதற்கும் இது பொருந்தும். கைத்தறி அணியட்டும், நெசவாளருக்கு அதனால் நன்மை. ஆனால் நெசவாளர் வீட்டுப் பிள்ளை அந்த மேடையில் நிற்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உள்நாட்டுச் சின்னம் என்பதாலேயே அது எல்லாருக்கும் பொதுவாகிவிடாது என்பதைக் கல்கத்தா காட்டியது. 1930களில் அப்பல்கலைக்கழக இலச்சினையில் தாமரையோடு ஸ்ரீ என்னும் எழுத்து இருந்ததை முஸ்லிம் மாணவர்கள் எதிர்த்தார்கள். பிறகு அந்த எழுத்து நீக்கப்பட்டது. அதே கல்கத்தாவில் 1937இல் தாகூர் பட்டமளிப்பு உரையை வங்காளத்தில் நிகழ்த்தி, அதுவரை ஆங்கிலம் மட்டுமே ஒலித்த மேடையின் வழக்கத்தை உடைத்தார். ஒரு சின்னம் ஒரு சாராரை விலக்கியபோது மாற்றம் வந்தது, ஒரு மொழி விலக்கப்பட்டிருந்தபோதும் மாற்றம் வந்தது. இத்தகைய திருத்தங்கள் பல்கலைக்கழகத்தைச் சிறுமைப்படுத்தியதே இல்லை. ஹார்வர்டு சட்டப்பள்ளியின் கேடயத்தில் இருந்த மூன்று கோதுமைக் கட்டுகள், அடிமைகளை வைத்துப் பொருள் சேர்த்த, ராயல் என்னும் பெயருடைய குடும்பத்தின் சின்னம். மாணவர் போராட்டத்துக்குப் பின் 2016இல் அதைக் கைவிட்டார்கள். 2021இல் புதிய கேடயம் வந்தது. கேப் டவுன் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற செசில் ரோட்ஸ் சிலை 2015 ஏப்ரல் 9 அன்று அகற்றப்பட்டது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நேர்மாறான போராட்டம் நடந்தது. அங்கே ஒரு சின்னம் வேண்டும் என்பதற்காக மாணவர்கள் நின்றார்கள். மெய்ப்பொருள் காண்பதே அறிவு என்னும் குறட்கருத்தைக் குறிக்கோளாகக் கொண்ட அந்த வளாகத்தில், இலங்கைப் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்கான நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாயிலில் அமர்ந்தார்கள், உண்ணாநோன்பு இருந்தார்கள். சில நாள்களில் துணைவேந்தரே மீண்டும் அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டிலேயே தூபி எழுந்தது. இறந்தவரை நினைக்கும் உரிமையும் ஒரு பல்கலைக்கழக மரபே.

மரபு என்ற பெயரில் வந்த கொடுமை ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. புதிதாக வருகிறவரை மூத்தவர்கள் வதைப்பதை ராகிங் என்று இங்கும், பகிடிவதை என்று இலங்கையிலும் சொல்கிறோம். நாங்களும் பட்டோம், நீங்களும் படுங்கள் என்பதே அதன் ஒரே நியாயம். 1996இல் தமிழகத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் இதில் கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இலங்கையில் 1998இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் அது முற்றிலும் ஒழியவில்லை. புதியவரை அவமதித்து உள்ளே இழுக்கும் வழக்கத்தை மரபு என்று அழைப்பவர் எவராயினும், எந்தப் பெரிய கல்லூரியில் படித்தவராயினும், அவரை ஏற்கக் கூடாது. புதியவரை வரவேற்கப் பாட்டு இருக்கிறது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் குலகீதத்தை இயற்றியவர் வேதியியல் அறிஞர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் தரானா என்னும் பொதுப் பாட்டாகப் பாடப்படுவது கவிஞர் மஜாஸ் எழுதியது. அவற்றைப் பாடும்போது முதலாமாண்டு மாணவரும் பேராசிரியரும் ஒரே குரலில் சேர்கிறார்கள்.

அங்கிக்கே திரும்புகிறேன். 1952 ஜூனில் கொலம்பியா பல்கலைக்கழகம் அம்பேத்கருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. பட்ட அங்கியில் அவர் இருக்கும் படங்கள் இன்று எத்தனை வீடுகளில், படிப்பகங்களில் மாட்டப்பட்டிருக்கின்றன. தமிழகத்துக் கிராமங்களில், குடும்பத்தின் முதல் பட்டதாரியின் அங்கிப் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த கவுன்தான். ஸ்டுடியோவில் எடுத்த படம்தான். கல்வி மறுக்கப்பட்ட ஒரு வம்சம் நாங்கள் உள்ளே போய்விட்டோம் என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு அது. அதைக் காலனியாட்சியின் எச்சம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதற்கு, பல தலைமுறையாகப் படித்து வந்த குடும்பங்களுக்கு உரிமை இல்லை.

விழாவே வேண்டாம் என்ற வழியும் பார்த்தாயிற்று. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1972இல் முதல் பட்டமளிப்பு விழாவை நடத்தியது. நடிகர் பல்ராஜ் சாஹ்னி அதில் விடுதலைக்குப் பிறகும் தொடரும் மன அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த விழா 46 ஆண்டுகள் கழித்து, 2018இல்தான். இடைப்பட்ட தலைமுறைகள் சான்றிதழை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போயின. படிப்பு அதனால் குறையவில்லை. ஆனால் மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க ஒரு தாய்க்கு வாய்ப்பில்லாமல் போனது இழப்புதான்.

நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் விழா நடந்தும் அதே இழப்பு நேர்கிறது. வேந்தர் கையால் மேடையில் பட்டம் பெறுகிறவர்கள் முனைவர்களும் ரேங்க் பெற்றவர்களும். இணைப்புக் கல்லூரிகளில் படித்த பெருங்கூட்டம் ஆப்சென்ஷியா என்னும் நேரில் வராதோர் பட்டியலில் போய்விடுகிறது. நாளிதழ்களில் வரும் செய்தி எல்லாம் மேடையில் யார் அமர்ந்தார், யார் வரவில்லை என்பதைப் பற்றியே. 2025 ஆகஸ்டில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக விழாவில் ஆய்வு மாணவி ஒருவர் வேந்தரான ஆளுநரைக் கடந்து சென்று துணைவேந்தர் கையில் பட்டம் பெற்றார். அதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒன்றை உணர்ந்தார்கள்: மேடையில் வெறும் கைகூட ஒரு சின்னமாகிவிடுகிறது, அணிந்த துணி அப்போது யாருக்கும் நினைவில் இல்லை.

துணைவேந்தர்களுக்கும் ஆட்சிக்குழுக்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. உடை எதுவாக இருக்க வேண்டும் என்று மாணவர்களையே கேளுங்கள். சேரும் நாளிலேயே இலச்சினையின் பொருளையும், சென்னையில் என்றால் அந்த முதல் இரு பட்டதாரிகளின் கதையையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். செனட் மண்டபத்தை மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். பட்டமளிப்பை மாவட்டந்தோறும் பிரித்து நடத்தி, ஆப்சென்ஷியா பட்டியலைச் சுருக்குங்கள். அழைப்பிதழ் அச்சிடும்போது முக்கியப் பிரமுகர்களின் வரிசைக்கு முன்னால், ஒவ்வொரு பட்டதாரிக்கும் பெற்றோருக்கென இரண்டு இருக்கைகளை ஒதுக்குங்கள்.